டவர் இருக்கிற இடத்தில் இலை இல்லை

2018 நவம்பர். கோத்தகிரியிலிருந்து பிரிந்து கீழே இறங்கும் ஒரு கிளைச்சாலை ஓரத்தில், தகரக் கூரை போட்ட இலை ஷெட், விவசாயிகள் பறித்த தேயிலையை எடை போட்டு வாங்கும் இடம். மணி நாலரைதான் ஆகிறது. ஆனால் மூடுபனியில் பத்தடி தள்ளி நிற்கிற ஜீப் தெரியவில்லை. தராசில் ஒரு சாக்கு தொங்குகிறது. இலை ஏஜென்ட் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஷெட்டுக்கு வெளியே இரண்டடி, உள்ளே இரண்டடி என்று நடக்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த வட்டத்தை அங்கே வைத்தவன் நான்.

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். காலையிலிருந்து பறித்த இலை. சாக்கில் அடைத்தபடியே கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும், அன்றைக்கே ஃபேக்டரி போய்ச் சேர வேண்டும். ஏஜென்ட் இன்னும் ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்து ‘36’ என்று எழுதி, “அடுத்த ஆளு வாங்க” என்றார்.

எல்லோருக்கும் எடை போட்டு முடித்தபின் என் பக்கம் வந்தார். கோபமெல்லாம் இல்லை. “தம்பி, உங்க ஆப்பு டவர் இருக்கிற எடத்துல நல்லாத்தான் ஓடுது. டவர் இருக்கிற எடத்துல இலை இல்லையே, என்ன பண்றது?”

அந்த வாக்கியம் எனக்கு முழுசாக விளங்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது.

கோயம்புத்தூரில், அலுவலக வைஃபையில் உட்கார்ந்து எழுதிய ஆப் அது. நீலகிரியில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நிறையப் பேர். அவர்கள் பறிக்கும் பச்சை இலையை ஏஜென்ட் ஊர் ஊராக வந்து எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவார். எடை, மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்கிற கழிவு, விவசாயி வாங்கியிருக்கிற முன்பணம், மாதக் கணக்கு எல்லாம் நோட்டில் இருந்தது. அதைப் போனுக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். ஃபேக்டரியின் பெயர் வேண்டாம். 11 ஏஜென்ட், சுமார் 600 விவசாயிகள், அவ்வளவுதான் அளவு. சர்வருக்கு இதெல்லாம் தூசு என்று நினைத்தேன். சர்வருக்குத் தூசுதான்.

முதல் பதிப்பு எப்படி இருந்தது என்று சொன்னால் ஆண்ட்ராய்டு எழுதுகிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். திரை திறக்கும், ரெட்ரோஃபிட் என்ற நூலகம் (மற்றவர்கள் எழுதிவைத்த கோடு) வழியாக, சர்வரிடம் டேட்டா கேட்கும் வாசலான ஏபிஐ-யைக் கூப்பிடும், ஜேசான் வடிவில் டேட்டா வரும், பட்டியலில் காட்டும். திரையை மூடினால் எல்லாம் போய்விடும். மறுபடி திறந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே விவசாயியின் பெயரை ஒரே நாளில் நாற்பது முறை மலையேற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நவம்பர் மாலைக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, கையில் இருந்ததை வைத்து ஒட்டுப்போட்டது. சர்வரோடு பேசுகிற ஓகே-எச்டிடிபி நூலகத்திலேயே ஒரு கேச், அதாவது வந்த பதிலைப் போனிலேயே சேமித்து வைக்கும் இடம், இருக்கிறது. ஒரு ஃபோல்டரும் அதிகபட்ச அளவும் கொடுத்தால் போதும், சர்வர் அனுப்புகிற கேச்-கண்ட்ரோல் தலைப்பைப் பார்த்து, பதிலை எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று அதுவே முடிவு செய்யும். காலம் முடிந்த பதிலுக்கு ஈ-டேக் என்ற பதிப்பு அடையாளம் இருந்தால், “இது மாறியிருக்கிறதா?” என்று மட்டும் சர்வரிடம் கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று ஒரு சின்னப் பதில் போட்டு முடித்துவிடும், முழு ஜேசானும் வராது. நல்ல ஏற்பாடு. இணைய உலகம் முழுக்க இதில்தான் ஓடுகிறது. இன்றைக்கும் அந்த ஆப்பில் படங்களுக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன்.

டவர் இல்லாதபோது பழைய பதிலையே கொடு என்று கட்டாயப்படுத்தவும் வழி உண்டு. அதையும் செய்தேன். முன்பு ஒருமுறை திறந்த திரை என்றால் வந்தது. திறக்காத திரை என்றால், சர்வர் பக்கமே போகாமல், ஓகே-எச்டிடிபி தானாகவே 504 என்று ஒரு பதிலைத் தயாரித்துக் கையில் கொடுத்தது. சரி, பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. ஷெட்டில் ஒரு விவசாயி தன் முன்பண பாக்கி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் பட்டியலைப் பார்த்து 4,310 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். பெயரைத் தொட்டு உள்ளே போனால் 3,870. வெளியே வந்தால் மறுபடி 4,310. “ரெண்டுல எது தம்பி நெசம்?” என்று கேட்டார்.

இரண்டுமே நிஜம்தான், வேறு வேறு நாளில். எச்டிடிபி கேச்சுக்கு விவசாயி என்று ஒருவர் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகவரிகள். பட்டியலுக்கு ஒரு முகவரி, தனி நபர் விவரத்துக்கு இன்னொரு முகவரி. ஒன்று செவ்வாய்க்கிழமை சேமித்தது, மற்றது வியாழக்கிழமை சேமித்தது. ஒரே ஆளைப் பற்றிய இரண்டு கடிதங்களை உறை பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிற தபால்காரர் மாதிரி. அவரிடம் போய்க் கணக்குக் கேட்டது என் தப்பு.

எங்கள் வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். அது எப்போது வருகிறது என்று அடுப்படியில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தெருக்குழாய் சம்ப்பை நிரப்பும், மோட்டார் மேல்தொட்டியை நிரப்பும், வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் மேல்தொட்டித் தண்ணீர்தான். நான் என்ன செய்திருந்தேன் என்றால், அடுப்படிக் குழாயை நேராகத் தெருவோடு இணைத்துவிட்டு, தண்ணீர் வராத நாளுக்காகப் பக்கத்தில் ஒரு குடம் வைத்திருந்தேன். குளியலறைக்குத் தனியாக இன்னொரு குடம்.

ஆகவே தொட்டி கட்டினேன். போனுக்குள்ளேயே ஒரு டேட்டாபேஸ், திரைகள் எல்லாம் அதிலிருந்து மட்டும் படிக்கும். சர்வரிலிருந்து வருவது எதுவும் நேராகத் திரைக்குப் போகாது, டேட்டாபேஸில்தான் எழுதப்படும். விவசாயி என்றால் அவருடைய எண்ணுக்கு ஒரே ஒரு வரி. பட்டியலும் அதே வரியைப் பார்க்கும், உள்திரையும் அதே வரியைப் பார்க்கும். இருவேறு பாக்கி வர வழியே இல்லை.

அந்த டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். உங்கள் பையில் இருக்கிற ஸ்மார்ட்போன் எதுவானாலும் அதில் இது இருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ரிச்சர்ட் ஹிப் என்பவர், அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் சேதம் ஏற்பட்டால் எந்த வால்வை மூடுவது, எந்தக் குழாயைத் திருப்புவது என்று வழி சொல்கிற மென்பொருள். அது டேட்டாவுக்கு ஒரு தனி டேட்டாபேஸ் சர்வரை நம்பியிருந்தது. சர்வர் நின்றுபோனால் “டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை” என்று இவருடைய புரோகிராம்தான் திரையில் காட்டும், திட்டும் இவருக்குத்தான் விழும். சர்வரே வேண்டாம், வட்டில் இருக்கிற ஒரு கோப்பை நேராகப் படித்தால் என்ன என்று அவர் யோசித்ததில் பிறந்தது எஸ்க்யூலைட். இதைப் படித்தபோது, மூடுபனியில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றவர் எனக்கு ஞாபகம் வந்தார்.

அதன் மேல் ரூம். கூகுள் 2017-இல் கொண்டுவந்த நூலகம். டேட்டாபேஸில் எழுதுவதும் படிப்பதும் பெரிய விஷயமில்லை. ரூமில் எனக்குப் பிடித்தது, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்பது. “இந்தப் பாதையில் உள்ள விவசாயிகள் யார் யார்?” என்று திரை ஒருமுறை கேட்கும். விடை வரும். அதோடு முடியாது, விடை மாறும்போதெல்லாம் புதிய விடை தானாக வரும். அப்போது லைவ்டேட்டா வழியாக, 2019-இல் ரூம் 2.2 வந்த பிறகு கோட்லின் ஃப்ளோ வழியாக. ரியாக்டிவ் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அடிப்படையில் இவ்வளவுதான். “புதுப்பி” என்ற பொத்தானை எடுத்துவிட்டேன்.

இது உள்ளே எப்படி நடக்கிறது என்பது தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். திரை கவனித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு டேபிளின் மீதும் ரூம் தற்காலிகமாக ட்ரிகர் போடுகிறது. அந்த டேபிளில் ஒரு வரி சேர்ந்தாலோ மாறினாலோ அழிந்தாலோ, ட்ரிகர் ஒரு சின்னக் குறிப்பு டேபிளில் “இந்த டேபிள் மாறிவிட்டது” என்று எழுதி வைக்கும். டிரான்சாக்ஷன், அதாவது ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற வேலை, முடிந்ததும் ரூம் அந்தக் குறிப்பைப் பார்த்து, அந்த டேபிளைக் கேட்டிருந்த கேள்விகள் அனைத்தையும் மறுபடி ஓட்டும். எந்த வரி மாறியது என்று அதற்குத் தெரியாது. டேபிள் மாறியது, அவ்வளவுதான். நான் 600 விவசாயிகளையும் ஒவ்வொருவராக, தனித்தனி டிரான்சாக்ஷனில் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டியலோ, கடைசியாக மாற்றம் வந்தவர் மேலே என்ற வரிசையில் இருந்தது. விளைவு: காலையில் சின்க், அதாவது சர்வரிலிருந்து புதியதை இறக்கும் வேலை, ஓடும்போது பட்டியல் துள்ளியது. ஏஜென்ட் ஒரு பெயரைத் தொடப் போகும் நொடியில் அந்த இடத்துக்கு வேறு பெயர் வந்து நிற்கும். ஒருநாள் 22 கிலோ வேறொருவர் கணக்கில் ஏறிவிட்டது.

மொத்தத்தையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதினேன். மறுபடி ஓடிய கேள்விக்குப் பழைய விடையே வந்தால் திரைக்குச் சொல்லாதே என்று வடிகட்டினேன். பட்டியலை விவசாயி எண் வரிசைக்கு மாற்றினேன். மூன்றில் கடைசியானதுதான் உண்மையான மருந்து. ரியாக்டிவ் திரை எழுதுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இது: விரல் வைக்கப் போகிற இடம் விரலுக்குக் கீழே நகரக் கூடாது. டேட்டா புதிதாக இருப்பதைவிட அது முக்கியம்.

இனி சொல்லப்போவதுதான் பெரிய விபத்து.

எடைகளையும் அதே டேட்டாபேஸில் வைத்திருந்தேன். ஷெட்டில் டவர் இல்லாமல் போட்ட எடை ‘எடைகள்’ டேபிளில் போய் உட்காரும், டவர் வந்ததும் சர்வருக்குப் போகும். ஒழுங்காகப் படித்த பிள்ளை மாதிரி, எடை டேபிளுக்கும் விவசாயி டேபிளுக்கும் ஃபாரின் கீ உறவு போட்டேன், அதாவது ஒவ்வொரு எடையையும் ஒரு விவசாயியின் வரியோடு கட்டினேன். விவசாயி அழிந்தால் அவருடைய எடைகளும் அழியட்டும் என்று காஸ்கேடும் வைத்தேன். விவசாயிகளைச் சர்வரிலிருந்து புதுப்பிக்கும்போது, ஏற்கெனவே இருந்தால் ‘ரீப்ளேஸ்’ செய் என்று எழுதினேன்.

எஸ்க்யூலைட்டில் ரீப்ளேஸ் என்றால் திருத்துவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய வரியைச் சேர்க்கிறது. அழிக்கிற அந்த இடைநொடியில் காஸ்கேட் வேலை செய்துவிடும். அதாவது, காலை சின்க்கில் ஒரு விவசாயியின் செல்போன் எண் புதிதாக வந்தால்கூட, இன்னும் சர்வருக்குப் போகாமல் போனில் மட்டும் இருந்த அவருடைய எடைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தி இல்லை, ஆப் நிற்கவில்லை. திரை ரியாக்டிவ் ஆயிற்றே, எடைகள் போனதையும் உடனுக்குடன் அழகாகக் காட்டியது. மொத்தக் கிலோ குறைந்தது. யாரும் அப்போது பார்க்கவில்லை.

இரண்டு ஏஜென்ட்களின் ஒரு முழு மாலை எடை போய்விட்டது. மறுநாள் ஃபேக்டரியின் லோடு எடைக்கும் ஆப்பின் கூட்டுத்தொகைக்கும் நானூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தபோதுதான் தெரிந்தது. நான் மலையேறினேன். நீல அட்டை நோட்டை அந்த ஏஜென்ட் விடவே இல்லை. ஆப்பில் போட்டது அத்தனையும் அதிலும் இருந்தது. நான் ஜீப் பானட்டின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன், அவர் வாசித்தார், நான் தட்டச்சு செய்தேன். பெயர், கிலோ, கழிவு. பெயர், கிலோ, கழிவு. ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வரியை அழிக்காமல் திருத்துகிற அப்சர்ட் என்ற வசதி எஸ்க்யூலைட்டில் 3.24 பதிப்பில், 2018-இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் போனில் இருந்தது 3.22 அல்லது அதற்கும் பழையது. ரூமிலேயே அப்சர்ட் என்று ஒரு குறிப்பு 2023-இல் வந்தது, அது முதலில் சேர்க்கப் பார்த்து, மோதினால் திருத்துகிறது. நாங்கள் அப்போது கையால் அதையேதான் எழுதினோம். ஆனால் இந்தக் கட்டளையை மாற்றியது சின்னத் திருத்தம்தான். எனக்கு விளங்கியது வேறு.

போனில் இரண்டு வகை டேட்டா இருக்கிறது. ஒன்று நகல். விவசாயியின் பெயர், பாக்கி, பாதை, போன மாதக் கணக்கு எல்லாம் நகல். மூலம் சர்வரில் இருக்கிறது. போனிலிருந்து அழிந்தால் கொஞ்சம் டேட்டா செலவு, அவ்வளவுதான், மறுபடி வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று மூலம். மாலை நாலரைக்கு ஷெட்டில் போட்ட 36 கிலோ உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்தப் போனில் மட்டும் இருக்கிறது. கேச் என்ற சொல்லுக்குள்ளேயே ‘தூக்கிப் போடலாம்’ என்ற அர்த்தம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கேச் ஃபோல்டர் என்று ஒன்றைக் கொடுக்கிறார்களே, போனில் இடம் குறைந்தால் சிஸ்டம் நம்மைக் கேட்காமல் அதைக் காலி செய்யும். நான் தூக்கிப் போடக்கூடியதையும் போடக் கூடாததையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தேன். நகலை இழுத்தேன், மூலமும் சேர்ந்து வந்துவிட்டது.

அதன் பிறகு போகவேண்டிய எடைகளுக்குத் தனி டேட்டாபேஸ் கோப்பே வைத்துவிட்டேன். டேபிள்கூட இல்லை, தனிக் கோப்பு. எந்த உறவும் இல்லை, எந்த காஸ்கேடும் இல்லை. விவசாயி எண்ணோடு அவர் பெயரையும் எடை வரியிலேயே சேர்த்து எழுதி வைத்தேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுவதா என்று டேட்டாபேஸ் பாடம் நடத்துகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நகல் கோப்பில் சிக்கல் என்றால் முழுசாக அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

மூலத்தை அனுப்புவதிலும் ஒரு குழி இருந்தது. போன் எடையை அனுப்புகிறது, சர்வர் வாங்கிப் பதிந்துகொள்கிறது, “கிடைத்தது” என்ற பதில் திரும்பி வருவதற்குள் ஜீப் வளைவு திரும்பி டவர் போய்விடுகிறது. போனுக்குப் பதில் வரவில்லை, ஆகவே மறுபடி அனுப்புகிறது. ஒரே எடை இரண்டு முறை ஏறிவிடும். இதை எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு விவசாயி அம்மா. மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கே வந்து, “எனக்கு ஒருநாள் ரெண்டு தடவ ஏறியிருக்குதுங்க, நான் அன்னைக்கு ஒரு சாக்குதான் போட்டேன்” என்றாராம். இப்போது எடை போடுகிற நொடியிலேயே போன் ஒரு யூயூஐடி-யை, வேறெதற்கும் வராத ஒரு அடையாள எண்ணை, உருவாக்கி எடையோடு ஒட்டிவிடுகிறது. எத்தனை முறை அனுப்பினாலும் அதே அடையாளம். சர்வர் அதை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாகப் பதியாமல் “கிடைத்தது” என்று மட்டும் சொல்லும்.

நகலின் வயது பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பட்டியலும் உள்திரையும் ஒரே பாக்கியைக் காட்டத் தொடங்கிவிட்டன, சரி. ஆனால் அந்த ஒரே பாக்கி நேற்றைய பாக்கியாக இருக்கலாமே? முதலில் நான் இதை மறைக்கப் பார்த்தேன். ஆப் எப்போதும் புத்தம் புதிதாக இருப்பதுபோல் தோன்ற வேண்டும் என்று ஒரு வீம்பு. அப்புறம் என் அம்மாவின் கூட்டுறவு வங்கி பாஸ்புக் நினைவுக்கு வந்தது. அதில் கடைசியாக அச்சடித்த வரியில் ஒரு தேதி இருக்கும், ஒரு இருப்பு இருக்கும். அது இன்றைய இருப்பு இல்லை என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். யாரும் பாஸ்புக்கைப் பார்த்து ஏமாற்று வேலை என்று சண்டை போடுவதில்லை, தேதி போட்டிருக்கிறதே. திரையில் பாக்கிக்குக் கீழே “நேற்று மாலை 5:40 நிலவரப்படி” என்று சின்ன எழுத்தில் போட்டோம். அதன் பிறகு ‘எது நெசம்’ என்ற கேள்வி வரவில்லை.

இலை விலைக்கு அது போதாது. விலையை ‘இப்போதைய விலை’ என்று ஒரு எண்ணாகப் போனில் வைத்தால் என்றைக்காவது வம்பு. மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலையை ஒட்டித்தான் ஃபேக்டரிகள் கணக்கை முடிக்கின்றன. மாதம் முழுக்கப் போனில் இருப்பது தோராய விலைதான். ஆகவே விலையோடு அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதையும் சேர்த்தே வாங்கினோம், போனில் பணத்தைக் கணக்குப் போடுவதையே நிறுத்தினோம். போன் பதிவது கிலோவும் கழிவும்தான். ரூபாய் சர்வரின் பாடு.

இதையெல்லாம் ஏதோ நானாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதிக்கொண்டு போகிறேன். 1991-இலேயே ஜேம்ஸ் கிஸ்ட்லர், மகாதேவ் சத்யநாராயணன் இருவரும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சத்யநாராயணன் சென்னை ஐஐடி-யில் படித்தவர், அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர்கள் கோடா என்ற கோப்பு முறைமையைக் கட்டினார்கள். லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் சர்வரில் இருக்கிற கோப்புகளில் வேலை தொடர வேண்டும் என்பது குறி. அதற்கு மூன்று நிலைகள் வைத்தார்கள். நெட்வொர்க் இருக்கும்போதே தேவைப்படப் போவதை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்வது முதல் நிலை. துண்டிக்கப்பட்டபின் லேப்டாப்பே சர்வர் வேடம் போடுவது இரண்டாவது. திரும்ப இணைந்ததும் நடந்ததையெல்லாம் சர்வரில் ஒப்பித்துச் சேர்ப்பது மூன்றாவது. முதல் நிலைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் பதுக்கல். நம் ஊரில் அரிசி மூட்டைக்குத்தான் அந்தச் சொல் ஆகும். கேச்சுக்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பதுக்கலில் நாங்கள் சொதப்பியிருந்தோம். திறந்து பார்த்ததை மட்டும் சேமித்தால் போதும் என்று இருந்தோம். ஷெட்டில் முதல்முறையாகத் திறக்கிற திரைக்கு அது உதவாது. இப்போது காலை ஏழு மணிக்கு ஜீப் ஃபேக்டரி வாசலை விடுவதற்குள், அங்கிருக்கிற வைஃபையில், அன்றைய பாதையில் இருக்கிற ஐம்பது அறுபது விவசாயிகளின் முழு விவரமும் இறங்கிவிடும். 600 பேரும் வேண்டாம். அந்த ஏஜென்ட் போகிற பாதை போதும்.

அந்தக் கட்டுரையில் என்னைக் காப்பாற்றிய இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு பேர் ஒரே கோப்பைத் துண்டிக்கப்பட்ட நிலையில் மாற்றினால் மோதல் வருமே என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நடந்த மாற்றங்களில் 99 சதவீதத்துக்கு மேல், முன்பு கடைசியாக மாற்றிய அதே ஆள் செய்தவை. அப்போது நான், மோதும் மாற்றங்களைத் தானாகச் சேர்த்துவைக்கும் சிஆர்டிடி என்றெல்லாம் படித்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஷெட்டுகளில் ஒரு விவசாயிக்கு ஒரு நேரத்தில் எடை போடுகிற ஏஜென்ட் ஒருவர்தான். எடையைத் திருத்துவதும் கிடையாது, தப்பென்றால் இன்னொரு வரி போட்டு ஈடுகட்டுவதுதான் நோட்டிலும் வழக்கம். மோதலே இல்லாத இடத்தில் சமாதானத்துக்குப் படை திரட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவைத்தேன்.

ஒவ்வொரு காலையும் முழுப் பட்டியலையும் இறக்காமல், போன முறைக்குப் பிறகு மாறியதை மட்டும் கேட்பது என்று வைத்தோம். ‘போன முறை’ எது என்பதற்குப் போனின் கடிகாரத்தை நம்பினால் வம்பு. தேதியைக் கையால் மாற்றி வைத்திருந்த ஒரு போன் ‘மூன்று நாளுக்குப் பிறகு மாறியதைக் கொடு’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. சர்வரும் ஒன்றுமில்லை என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சர்வர் கொடுக்கிற ஒரு அடையாளக் குறியை வைத்திருந்து அதையே திருப்பிக் கொடுப்பது என்று மாற்றினோம்.

அப்போதும் ஒன்று விட்டுப்போயிற்று. மாறியதைக் கேட்டால் மாறியது வரும், அழிந்தது வராது. அழிந்த வரி சர்வரிலேயே இல்லையே, எப்படி வரும்? ஒரு விவசாயி இறந்துபோனார். ஃபேக்டரியில் கணக்கை முடித்து அவர் பெயரை நீக்கிவிட்டார்கள். ஏஜென்ட்டின் போனில் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம். அவருடைய மனைவி இலை கொண்டுவந்து நிற்கும்போது, ஏஜென்ட் அந்தப் பெயரைத் தாண்டித்தான் அவர் பெயருக்குப் போக வேண்டும். இருவர் பெயரும் எண் வரிசையில் அடுத்தடுத்து. “அந்தம்மா எட்டிப் பாக்கும்போது சங்கடமா இருக்குது தம்பி” என்றார். இதற்கு வழக்கமான தீர்வு, வரியை உடனே அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்துக் கொஞ்ச காலம் சர்வரில் வைத்திருப்பது. அந்தக் குறி மாற்றமாகப் போனுக்குப் போகும், போன் தன் நகலை அழித்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் அந்த வரியை டூம்ஸ்டோன் என்பார்கள், கல்லறைக் கல். அதுவரை எத்தனையோ முறை சாதாரணமாகச் சொன்ன சொல்தான். அன்று டீமில் விளக்கும்போது வாயில் வரவில்லை. ‘நீக்கக் குறி’ என்று சொன்னேன், இன்றைக்கும் எங்கள் கோடில் அதன் பெயர் அதுதான்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மாலையில் எடைகள் போய்ச் சேர நேரமாயிற்று. ஒர்க்மேனேஜர் என்ற நூலகத்திடம் அனுப்புகிற வேலையைக் கொடுத்திருந்தோம். நெட் இருந்தால் மட்டும் ஓடு, தோற்றால் 30 நொடி கழித்து முயற்சி செய், மறுபடி தோற்றால் அதைப்போல இரண்டு மடங்கு பொறு. இப்படி இரட்டித்துக்கொண்டே போய் அதிகபட்சம் 5 மணி நேரம்வரை பொறுக்கும். மலைப்பாதையில் சிக்னல் கோடு ஒன்று காட்டும், ஆனால் டேட்டா போகாது. அது நெட் இருப்பதாக நினைத்து முயற்சி செய்யும், தோற்கும், இரட்டிக்கும். கடைசியில் உண்மையான டவர் வந்து நாற்பது நொடி நிற்கும்போது, இது ஒரு மணி நேரத் தவத்தில் இருக்கும். இப்போது ஆப் திறந்திருக்கும்வரை நாங்களே கவனிக்கிறோம். நெட் உண்மையில் வெளியே போய்வருகிறது என்று சிஸ்டம் சோதித்து உறுதிசெய்த உடனே, தவத்தைக் கலைத்து அனுப்பச் சொல்கிறோம். திரையின் மேல் ஓரத்தில் இன்னும் போகாதவை எத்தனை என்று ஒரு எண் மட்டும் வைத்தோம். அந்த எண்ணும் ஒரு கேள்விதான், டேட்டாபேஸில் வரி குறைந்தால் தானாகக் குறையும்.

போன வருடம் ஒருநாள் மாலை அந்த ஜீப்பிலேயே மேலே வந்தேன். கடைசி ஷெட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், வலது பக்கம் பள்ளத்தாக்கு திறக்கிற ஒரு வளைவில் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தினார். எதற்கு என்று கேட்டேன். “இது டவர் வளைவுங்க” என்றார், ஊர்ப்பெயர் சொல்வது மாதிரி. பின்னால் இலைச் சாக்குகளின் வாசம். ஏஜென்ட் போனை எடுத்து டாஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்தார். தூக்கிப் பிடிக்கவில்லை, எதையும் தொடவும் இல்லை. மேல் ஓரத்தில் 14 என்று இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு 11. 10. 6. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஆச்சாங்கண்ணா?” என்று டிரைவர் சாவியில் கை வைத்தார்.

“இரு, இன்னும் ஒண்ணு.”